பார்வைக்கு மட்டும்

இன்றைக்கு மூன்றாவது வண்டி.
தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து ப்ரீலூட்,
ஒரு காலத்தில் சிவப்பு.
சாவியை நீட்டிய எலிசேயோ பர்ராகானின்
நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் காயவில்லை.
செல்மாவில் திராட்சை உலர்த்தும் ஆலையில் வேலையாம்,
பத்து மணிக்குள் திரும்ப வேண்டுமாம்.

பானட்டைத் தூக்கினேன்.
முப்பது வருஷப் புழுதிக்குள்
ஏழு போல்ட்டுகளின் தலை மட்டும் பளபளத்தது.
நேற்று ராத்திரி இங்கே ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது.
கம்பெனியின் காற்றுவடிகட்டிப் பெட்டி,
மடிப்பு மடிப்பான பழைய குழாய்,
எக்ஸாஸ்ட் மேல் துருவேறிய தகடு:
எல்லாம் இரவல் நகை.
ஊர்க்கண்ணுக்காக ஒரு நாள் பூட்டி
மறுநாள் கழற்றி
பழந்துணியில் சுற்றி வைப்பது.

என் படிவத்தில் இரவலுக்குக் கட்டம் கிடையாது.
இருக்கிறதா, இல்லையா,
மாற்றியதா, கழன்றதா.
எப்போது வந்தது என்று
கலிஃபோர்னியா என்னைக் கேட்பதில்லை.

உருளைகளின் மேல் ஏற்றி
நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன்.
பின்னால் செருகிய குழாய் மோப்பம் பிடித்தது.
கரி குறைவு. கார்பன் மோனாக்சைடு அதைவிடக் குறைவு.
நைட்ரஜன் ஆக்சைடு மட்டும்
கோட்டின் மேல் கட்டைவிரலை ஊன்றி நின்றது.
தாண்டவில்லை.
தாண்டாதது தேறியது.

பிறகு டார்ச், கைப்பிடி வைத்த கண்ணாடி.
ஒட்டுத்தாள் இருக்கிறது. வால்வு இருக்கிறது.
வால்வுக்குப் போகும் ரப்பர்க் குழாய்,
பென்சில் கனம், இரு முனையும் மாட்டியே இருக்கிறது.
பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.
கையை எடுக்கும்போதுதான் விரல் உரசியது,
தொண்டையில் சிக்கிய புளியங்கொட்டை மாதிரி
உள்ளே ஒரு முண்டு.

உருவினேன்.
எஃகுக் குண்டு ஒன்று விழுந்து
சிமெண்டில் இரண்டு முறை துள்ளி
என் பூட்ஸைத் தொட்டு நின்றது.

"அது என்னுடையது இல்லை" என்றான்.
எல்லாரும் சொல்வதுதான்.
நம்பினேன்.
பொய்யை இவ்வளவு ஒழுங்காக,
வாஷர்கூட விடாமல் பூட்டத் தெரிந்தவன்
ஐந்து காசுப் பொய்க்கு இறங்கமாட்டான்.
தவிர, குண்டின் மேல் துரு
குழாயின் உள்வடிவத்திலேயே படிந்திருந்தது.
இவனுக்கு முந்தையவனோ, அவனுக்கும் முந்தையவனோ.

திரையில் பழைய பதிவுகளைத் திறந்தேன்.
இரண்டு வருஷத்துக்கு ஒன்றாக நான்கு சோதனைகள்.
நான்கிலும் பார்வைச் சோதனை: சரி.
கடைசி இரண்டின் கீழே
உரிமம் எண், என்னுடையது.
நியா ஷியோங் பார்த்தாள். நியா ஷியோங் பார்த்தாள்.

வாசல் ஷட்டர் பாதி திறந்திருந்தது.
கிழக்கே மலைத்தொடர் இருக்கிறது.
மழை பெய்த மறுநாள், பனிமுடியோடு, எண்ணிவிடலாம்.
மற்ற நாளெல்லாம் ஃப்ரெஸ்னோவில்
அது இருப்பதாக ஒரு பேச்சு.
இன்று பேச்சுதான்.

"இப்போ என்ன எழுதப் போறீங்க?"
பதில் சொல்லாமல் குழாயை மாட்டினேன்.
எஞ்சின் ஒரு முறை இருமி
வேறு குரலில் முனகத் தொடங்கியது.
விதிப்படி முதலில் தோல்வி என்று அடித்திருக்க வேண்டும்,
அவன் திரும்பப் போய், திரும்ப வந்து, திரும்பக் கட்டி.
அடிக்கவில்லை.
மறுபடி உருளையில் ஏற்றினேன்.
நைட்ரஜன் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.

காகிதத்தைக் கையில் கொடுத்து,
"ராத்திரி கழற்றும்போது
அந்தக் குழாயை மட்டும் விட்டுவிடு" என்றேன்.
முதலில் சிவந்தான், பிறகு சிரித்தான்,
பிறகு அந்தக் குண்டைக் கேட்டான்.
எங்கேயோ உருண்டுவிட்டது என்றேன்.

என் சட்டைப் பையில் இருந்தது.
மறந்தே போனேன்.
இரவு துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள்
ஏதோ ஒன்று தட்டித் தட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது.
என்னவென்று கணவர் கேட்டார்.
தெரியும்.
எழுந்து போய்ப் பார்க்கவில்லை.